தொடக்கூடாத துட்டு

செலவு பண்ணக்கூடாத துட்டை விக்கதுதான் என் பொழப்பு. குற்றாலத்துல இருந்து ஐந்தருவி போற ரோட்டுல இந்தப் பக்கம் நேந்திரங்கா சிப்ஸ் கடை, அந்தப் பக்கம் எண்ணெய் மசாஜ் கடை, நடுவுல நம்ம கடை. அரசாங்கம் ஏதாவது பெரிய விசேஷத்துக்கு நினைவா வெள்ளியில நாணயம் அடிக்கும். அதைப் புழக்கத்துக்கு விடாது. சேத்து வைக்கவங்களுக்குன்னே பெட்டியில போட்டு விக்கும். அதை முன்னாலயே பேரைப் பதிஞ்சு வாங்கிக் குடுக்கேன், பழசு வேணும்னா தேடிப் பிடிச்சும் குடுக்கேன். நூறு ரூபாய்னு போட்டிருக்க நாணயத்துக்கு ஆயிரக்கணக்குல விலை சொன்னதும் வாரவங்க என்னைய ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அந்தப் பார்வையத் தாங்குததுக்கே எனக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கிறுக்கு இருக்கும். தபால்தலை, பழைய நோட்டு, தீப்பெட்டிப் படம்னு எதையாவது சேத்து வச்சுக்கிட்டு, ஒருத்தரையும் கிட்ட அண்ட விடாம, தானும் நிம்மதியா இல்லாம அலையும். அப்படிப்பட்டவங்களோட குடும்பம் நடத்துறவங்க எல்லாரும் நம்ம கட்சிதான். இப்படி வந்து உக்காருங்க, சொல்லுதேன்.

எண்ணெய்க் கை

முதல்ல எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிருதேன். பேரு பேச்சிமுத்து. பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கிட்டு வந்தவரு. அவரு வந்ததுல இருந்து எங்க வீட்டுல மின்னாத சாமான் கிடையாது. பைக்கைத் தேய்ப்பாரு, கதவுக் கொண்டியத் தேய்ப்பாரு, கேஸ் சிலிண்டரைக் கூட விட்டு வச்சதில்ல. அதனாலயே கடையில அவருக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருக்கேன். கையைக் கட்டிக்கிட்டுக் காவலுக்கு நிக்கணும், நாணயத்துல கை வைக்கக்கூடாது. அதுல மனுசனுக்கு ரொம்ப மனத்தாங்கல். “எம் பூட்ஸுல முகம் பாத்து எங்க மேஜர் மீசை சீவியிருக்காரு ஏட்டி, நீ என்னைய நம்ப மாட்டேங்கியே”ம்பாரு.

அவரு காவலுக்கு நின்ன லட்சணத்தைக் கேளுங்க. ஒரு நாள் பக்கத்து மசாஜ் கடையில இருந்து ஒருத்தர் இடுப்புல துண்டோட இறங்கி வந்தாரு. மதுரைக்காரரு. தலையில இருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெய் வடியுது. அருவிக்குப் போற வழியில ‘சும்மா பாப்போம்’னு உள்ள வந்தவரு, நான் அப்பந்தான் திறந்து வச்சிருந்த பெட்டியில இருந்து புது நாணயத்தை எடுத்து, பெருவிரலை நடு முகத்துல வச்சு அமுக்கிப் பிடிச்சுட்டாரு. நான் போட்ட சத்தத்துல சிப்ஸ் கடையில கரண்டி கீழ விழுந்துட்டு. எங்க வீட்டுக்காரரு அப்பவும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்காரு, ‘தொடக்கூடாதுன்னியே’ங்கிற மாதிரி.

இந்த நாணயத்துல விரல் ரேகை பதிஞ்சா பதிஞ்சதுதான், துடைச்சா இன்னும் மோசமாயிரும்னு நான் விளக்கிச் சொன்னேன். மனுசன் நல்லவரு, மறு பேச்சு பேசாம அதை அவரே வாங்கிக்கிட்டாரு. அன்னைக்குச் சாயந்தரமே எங்க வீட்டுக்காரரு ஒரு பலகையில ‘தொடாதீர்கள். எண்ணெயோடு வருகிறவர்கள் கண்ணால் மட்டும் பார்க்கவும்’னு கொட்டை எழுத்துல எழுதி மாட்டிட்டாரு. மதுரைக்காரரு போகும்போது வாசல்ல நின்னு கேட்டது மட்டும் எனக்கு இன்னும் மறக்கல: “எண்ணெய் தேய்ச்சா மனுசனுக்கே நல்லதுங்கிறாங்க, இந்தக் காசுக்கு மட்டும் என்னம்மா கேடு?”

பாயோட காலிக் குழி

எங்கடைக்கு எத்தனையோ பேர் வந்தாலும், ‘இவருக்காக எப்படியாவது தேடிக் குடுத்துரணும்’னு நான் தவிச்ச ஒரே ஆளு கடையநல்லூர் ஷாகுல் பாய்தான். துபாய்ல வேலை. வருசத்துக்கு ஒரு தடவை லீவுல வருவாரு. வந்ததும் அந்த வருசம் வந்த வெள்ளி நாணயத்துல ஒண்ணு வாங்குவாரு. வீட்டுல இல்லாம போன வருசத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு. வெல்வெட் துணி விரிச்ச ஒரு மரப்பெட்டியில குழி குழியா வச்சு, ஒவ்வொரு வருசத்தையும் அதுக்குரிய குழியில படுக்க வச்சிருக்காரு. பீரோவுல பூட்டு. வெள்ளைக் கையுறை போட்டாத்தான் பெட்டியையே திறப்பாரு. நாணயத்தை வாங்கும்போது பூதக்கண்ணாடி வச்சு அதுல உள்ள முகத்தை மட்டும் ரொம்ப நேரம் பாப்பாரு. நல்ல நாணயம்னா சுத்தியுள்ள தளம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவுல உள்ள உருவம் மட்டும் பால் மேல ஏடு படிஞ்ச மாதிரி மங்கலா வெளுத்திருக்கும். அந்த மங்கல்தான் அதுக்கு அழகு, விலை எல்லாம். அதுல ஒரு கீறல் தெரிஞ்சாலும் பாய் திருப்பிக் குடுத்துருவாரு.

அந்தப் பெட்டியில முதல் குழி மட்டும் காலி. அது அவரு மக நஸ்ரின் பொறந்த வருசம். புள்ள பொறந்த சேதியையே போன்லதான் கேட்டிருக்காரு. நாணயம் சேக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான், அதனால அந்த வருசத்து நாணயம் அவருக்குச் சிக்கவே இல்ல. இந்த வருசம் வேலையை ஒரேயடியா முடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. “தங்கச்சி, அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ். பெட்டியை அவ கையில நிறைவாக் குடுக்கணும். காலிக் குழியோட குடுத்தா எனக்கு மனசு ஆறாது”ன்னாரு. சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு. எனக்கும் கண்ணு கலங்கிட்டு. தேடித் தாரேன் பாய்னு வாக்குக் குடுத்துட்டேன்.

அன்னைக்கு நஸ்ரினும் கூட வந்திருந்தா. மேசை மேல இருந்த ஒரு நாணயத்தைப் பாத்துச் சும்மா விரலை நீட்டினா. “தொடாதேம்மா!”ன்னு பாய் பதறிட்டாரு. அவ பட்டுன்னு கையை மடக்கிக்கிட்டா. சின்ன வயசுல இருந்தே பழகின கை, பாத்தாலே தெரியுது. கோபமும் இல்ல, வருத்தமும் இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா: “வாப்பா இல்லாத வருசமெல்லாம் எங்க வீட்டு பீரோவுல இருக்கு அக்கா, தொடத்தான் விட மாட்டாக.”

ஏட்டய்யா வந்தாரு

பாய்க்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம் உறுத்திக்கிட்டு இருக்கு, ஊர் ஊரா போன் போட்டுக்கிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்துப் போலீஸ் வந்துட்டு. நடந்தது இதுதான். சென்னையில இருந்து வந்த ஒரு தம்பி எங்கிட்ட எழுபத்தஞ்சு ரூபாய்னு அடிச்ச நாணயம் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருக்கான். அருவியில போனோட குளிச்சிருக்கான். போன் செத்துப் போச்சு, பையில பணமும் இல்ல. பக்கத்துக் கடையில சிப்ஸைத் தின்னுட்டு, “அரசாங்கத் துட்டுதான், செல்லும் அண்ணாச்சி”ன்னு அந்த நாணயத்தைக் குடுத்துட்டு ரூமுக்குப் போயிட்டான். சிப்ஸ் கடை அண்ணாச்சி எழுபத்தஞ்சு ரூபாய்க்கு ஒத்தக் காசைப் பாத்துட்டு, நாங்கதான் கள்ளக் காசு அடிக்கோம்னு நேரா ஏட்டய்யாகிட்ட கொண்டு போயிட்டாரு.

ஏட்டய்யா தொப்பியைக் கழத்தி மேசையில வச்சு, “இங்கன யாரும்மா துட்டு அடிக்கது?”ன்னு கேட்டாரு. எங்க வீட்டுப் பட்டாளம் விறைச்சு ஒரு சல்யூட் அடிச்சுட்டு ஒதுங்கிட்டாரு. நான் அரசாங்கச் சீட்டு, பில்லு எல்லாத்தையும் எடுத்து வச்சேன். இது நெசத் துட்டுதான்யா, செல்லும், ஆனா யாரும் செலவு பண்ண மாட்டாங்க, பண்ணினா நட்டம்னு புரிய வைக்கதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிட்டு. மறுநாள் காலையில அந்தத் தம்பி பணத்தோட ஓடி வந்து நாணயத்தை மீட்டுக்கிட்டான். ஏட்டய்யா தொப்பியை மாட்டிக்கிட்டே சொன்னாரு: “எங்க டிபார்ட்மெண்ட்டு லீவு மாதிரில்லா இருக்கு! இருக்கும், எடுக்கத்தான் முடியாது.”

மெட்டி

இது சின்னது. கல்யாண வெள்ளி வாங்க வந்த ஒரு அம்மா கடை மாறி எங்கடைக்குள்ள வந்துட்டாக. நானும் விடல. எங்கிட்ட இருந்ததுலயே நல்ல நாணயத்தைப் பெட்டியோட எடுத்து வச்சு, அதோட பெருமையெல்லாம் அரை மணி நேரம் மூச்சு விடாமச் சொன்னேன். அந்த அம்மாவும் கன்னத்துல கை வச்சுக்கிட்டு அம்புட்டையும் கேட்டாக. ஆகா, ஒரு புது ஆளைப் பிடிச்சுட்டோம்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். கடைசியா ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாக: “எல்லாஞ் சரி, இதை உருக்குனா எத்தனை சோடி மெட்டி வரும்?”

சாரலும் செருப்புக் கடையும்

குற்றாலத்துல சாரல் விழுந்தா ஊரே கொண்டாடும், நான் ஒருத்திதான் வானத்தைப் பாத்துத் திட்டுவேன். ஈரக்காத்து பட்டா வெள்ளி கறுக்கும், புள்ளி விழும். செருப்பு டப்பாவுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுறதுக்குச் சின்ன வெள்ளைப் பொட்டலம் கெடக்குமே, அதைத்தான் நான் பெட்டிக்குப் பெட்டி போட்டு வைப்பேன். அதுக்காகத் தென்காசி பஜார்ல ஒவ்வொரு செருப்புக் கடையா ஏறி இறங்குவேன். எங்க வீட்டுக்காரருகிட்டயும் தினமும் இதே பாட்டுதான்: சாரல் நேரம், பூஞ்சை பிடிச்சுரும், கவனமா இருக்கணும். அவரும் நல்லாவே மனசுல வாங்கிக்கிட்டாரு. எவ்வளவு நல்லா வாங்கிக்கிட்டாருங்கிறது பின்னாலதான் தெரிஞ்சுது. செருப்புக் கடைப் புள்ள ஒரு பை நிறையப் பொட்டலத்தை எங்கையில குடுத்துட்டுச் சொல்லுச்சு: “எல்லாரும் செருப்பை எடுத்துக்கிட்டு இதைத் தூரப் போடுவாங்க, நீங்க ஒருத்திதான் செருப்பை விட்டுட்டு இதைக் கேக்கீங்க!”

புனலூர் சேட்டன்

பாய் கேட்ட நாணயம் கடைசியில புனலூர்ல இருக்குன்னு தெரிஞ்சுது. அங்க குரியன் சேட்டன்னு ஒரு பழைய வியாபாரி. செங்கோட்டையில ரயிலேறிப் போய் அவரு வீட்டு வாசல்ல நின்னேன். என்னைய விட எவ்வளவோ மூத்தவரு, ஆனா என்னையத்தான் அக்கான்னு அவுக பாஷையில சேச்சிம்பாரு. நாணயத்தைக் கண்ணுல காட்டுனாரு. ஐயோ, என்ன அழகுங்கிறீங்க! தளம் தண்ணி மாதிரி கிடக்கு, உருவத்து மேல அந்த ஏடு அப்படியே படிஞ்சிருக்கு. ஆனா விக்க மாட்டேன்னுட்டாரு. எவ்வளவு கேட்டும் தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு.

வேற வழியில்லாம நஸ்ரின் கதையைச் சொன்னேன். அவரும் மஸ்கட்டுல இருந்து வந்தவருதானாம். உள்ள போய் வீட்டம்மாகிட்ட ஏதோ பேசிட்டு வந்து, வாங்குன விலைக்கே குடுத்துட்டாரு. நாணயத்தை மூடியிருக்க பிளாஸ்டிக் உறை ஒரு ஓரமா விரிசல் விட்டிருக்கு, ஊருக்குப் போனதும் வேற உறையில மாத்திருன்னு சொன்னாரு. வாசல் வரைக்கும் கூட வந்தவரு, என் பையைத் தொட்டு, ஒண்ணு மட்டும் கூடாதுன்னு மலையாளத்துல சொன்னாரு: “எல்லாம் செய்தோ சேச்சி, தேய்க்க மட்டும் செய்யருது!”

இலஞ்சித் திருநீறு

புது உறை கூரியர்ல வந்திருக்குன்னு தகவல் வந்துது. விரிசல் விட்ட உறையில இருந்து நாணயத்தை எடுத்து, சுத்தமான துணியில வச்சு மேசை டிராயருக்குள்ள வச்சேன். எங்க வீட்டுக்காரரைக் காவலுக்கு நிறுத்திட்டுத் தென்காசிக்குப் போனேன். மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம். திரும்பி வந்தா மனுசன் வாசல்லயே நிக்காரு. முகமெல்லாம் சிரிப்பு. நெத்தியில பட்டையாத் திருநீறு, கைக்குட்டை பூராவும் திருநீறு. நான் பையைக் கீழ போட்டுட்டு உள்ள ஓடினேன்.

அவரு டிராயரைத் திறந்து பாத்திருக்காரு. சுத்தி எல்லாம் பளபளன்னு இருக்கு, நடுவுல முகம் மட்டும் வெளுத்துக் கிடக்கு. சாரலுக்குப் பூஞ்சை பிடிச்சுட்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. நான் தினமும் பாடுன பாட்டு அப்படி வேலை செஞ்சிருக்கு! கல்யாணப் புள்ளைக்குப் பூஞ்சை பிடிச்ச காசையா குடுக்கதுன்னு மனசு கேக்காம, வீட்டுல குத்துவிளக்குத் தேய்க்க மாதிரி திருநீறு போட்டு, ஒரு மணி நேரமும் விடாமத் தேய்ச்சிருக்காரு. அதுவும் சாதாரணத் திருநீறு இல்ல, இலஞ்சி முருகன் கோயில் திருநீறு. பால் ஏடு சுத்தமாப் போச்சு. தளம் முழுக்க மயிரிழையாக் கீறல். நான் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். அவரு அதை என் முகத்துக்கு நேரா நீட்டிச் சொன்னாரு: “பாத்தியா ஏட்டி, இப்பந்தான் முகமே தெரியுது!”

வாப்பாவும் மகளும்

அன்னைக்கு ராத்திரி ரசத்துல நான் உப்புப் போடல. வேணும்னேதான். அவரும் ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு. குரியன் சேட்டனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டதும் பட்டுன்னு போனை வச்சுட்டாரு. தெரிஞ்ச வியாபாரி எல்லாரையும் கேட்டுப் பாத்தாச்சு, வேற நாணயம் ஒருத்தர்கிட்டயும் இல்ல. நிக்காஹ்க்கு மூணே நாள். உறையில போட்டுக் கமுக்கமாக் குடுத்துரலாம்னு ஒரு கெட்ட புத்தி வந்துட்டுப் போச்சு. பாயோட பூதக்கண்ணாடி ஞாபகம் வந்ததும் அதுவும் ஓடிட்டு. நானும் எங்க வீட்டுக்காரருமா கடையநல்லூருக்கு பஸ் ஏறினோம். பஸ்ல நான் தள்ளிப் போய் வேற சீட்டுல உக்காந்துக்கிட்டேன்.

கல்யாண வீடு, வாசல்ல பந்தல். பாய் எங்களை உள்ள கூட்டிட்டுப் போய், மரப்பெட்டியத் திறந்து வச்சு, கையுறை மாட்டிக்கிட்டுக் காத்திருக்காரு. நான் வாயைத் திறக்கதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரரு முன்ன போய் விறைப்பா நின்னு, “பாய், நான்தான் தேய்ச்சுட்டேன். திருநீறு வச்சு. நல்லாயிரும்னு நினைச்சுத்தான்…”ன்னாரு. பாய் கண்ணாடியை வச்சுப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. கோவப்பட்டிருந்தாக் கூடப் பரவாயில்ல, கண்ணாடியை மெதுவா மடக்கிக் கீழ வச்சுட்டு, அந்தக் காலிக் குழியையே பாத்தாரு.

சர்பத் கொண்டு வந்த நஸ்ரின் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கா. கை ரெண்டுலயும் மருதாணி. “அக்கா, இது இனிமேக் கெட்டுப் போக ஒண்ணும் இல்லல்லா?”ன்னு எங்கிட்டக் கேட்டா. இல்லம்மான்னேன். “அப்ப தொடலாம்லா?”ன்னு அவ வாப்பாவைப் பாத்தா. அவ நாணயத்தை எடுத்து உள்ளங்கையில வச்சுப் புரட்டினா, பெருவிரலால முகத்தைத் தடவினா, மூடிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் பாயோட வலது கையுறையக் கழத்தி, அந்தக் கையில நாணயத்தை வச்சு, அதுக்கு மேல தன் கையை வச்சு மூடினா. “நான் பொறந்த வருசம் வாப்பா. பிடிங்க”ன்னா. பாய்க்குத் தாடியெல்லாம் நனைஞ்சுட்டு. எங்க பட்டாளம் ஒரு பக்கம் மூக்கை உறிஞ்சுதாரு. பாய் மகளோட கையை விடாமலே, பெட்டியில வரிசையாக் கிடந்த பாக்கி நாணயத்தையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டு, எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டாரு: “அண்ணாச்சி, அந்தத் திருநீறு இன்னும் கொஞ்சம் இருக்குமா?”

அன்னையில இருந்து எங்கடையில ‘தொடாதீர்கள்’ பலகை அதே இடத்துலதான் தொங்குது, யாராவது மகளைக் கூட்டிட்டு வந்தா மட்டும் எங்க வீட்டுப் பட்டாளம் சரியா அதை மறைச்சு நின்னு கையைக் கட்டிக்கிடுதாரு.